நான்கு பேர் சேப்பாக்கம் போக வேண்டுமானால்

குழு: மலை வீட்டுச் சொந்தங்கள்

சனி, இரவு

நான்: எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். இந்த ஐபிஎல் பருவத்திலாவது சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கத்துக்கு அழைத்துப் போவதாகப் பெரியவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். இன்று உட்கார்ந்து கணக்கு எழுதினேன். 2025 இல் சென்னை அணியின் போட்டிக்கு மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். நான்கு பேருக்கு 6,800. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பரில் ஆளுக்கு ஏறக்குறைய 350. சின்னவளுக்கு ஏழு வயது. படுக்கை வேண்டுமென்றால் அவளுக்கும் முழுக் கட்டணம்தான். போக வர 2,800. ஆக 9,600. சாப்பாடு, தங்குமிடம், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ் எதுவும் இதில் இல்லை. அவன் கேட்கும் மஞ்சள் ஜெர்சியும் இல்லை.

தம்பி (சென்னை): அக்கா, 1,700 என்று எழுதாதே. 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. மற்ற எதையும் ஏற்றாமல் விட்டாலே அந்த டிக்கெட் 1,859 ரூபாய் ஆகும்.

பெரியப்பா (கோத்தகிரி): வரி மட்டுமே அவ்வளவா?

தம்பி (சென்னை): 2025 பருவத்தின் 4,000 ரூபாய் டிக்கெட்டைப் பிரித்துச் சொல்கிறேன், பெரியப்பா. டிக்கெட்டின் சொந்த விலை 2,343 ரூபாய் 75 பைசா. கேளிக்கை வரி 781.25. இரண்டையும் கூட்டி 3,125. அந்த மொத்தத்தின் மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி, 875. இப்போது அதே 3,125 மேல் 40 சதவீதம் போட்டால் 1,250. டிக்கெட் 4,375.

பெரியப்பா (கோத்தகிரி): கேளிக்கை வரி கட்டிய பணத்துக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறோம் என்கிறாய்.

தம்பி (சென்னை): ஆமாம்.

அண்ணி (வெலிங்டன்): அந்த 40 சதவீதப் பட்டியலில் வேறு என்னென்ன இருக்கிறது என்று படித்தேன். பான் மசாலா, சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயம். அவற்றோடு ஒரு பள்ளிக்கூடப் பையன் பார்க்க ஆசைப்படும் கிரிக்கெட். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கு 500 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அந்தச் சலுகை ஐபிஎல்லுக்குப் பொருந்தாது. பணக்காரர்கள் மட்டும் பார்க்கிற ஆட்டமா இது? நான் பாடம் நடத்தும் வகுப்பில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் ஆட்டக்காரர்களின் ஓட்டக் கணக்கை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

பெரியப்பா (கோத்தகிரி): தோட்டத்தில் நான்கு நாள் கூலி போட்டால்தான் ஒரு ஆள் உள்ளே போக முடியும். என்னைப் போலச் சொந்தமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் வேறு கதை இல்லை. பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி கொடுக்கிற விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதை நம்பிப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வராது, மகளே.

நான்: எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. எல்லா விலையையும் ஒற்றை ஆளுக்கு வைக்கிறார்கள். சம்பளம் வாங்கும் ஓர் இளைஞனுக்கு அது ஒரு மாலை நேரச் செலவு. குடும்பமாகப் போனால் அது அப்படியே நான்காகப் பெருகுகிறது, சம்பளம் பெருகுவதில்லை. நம் அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை இலவசம், பன்னிரண்டு வரை அரை டிக்கெட். பிள்ளைகள் பெற்றோரோடுதான் வருவார்கள் என்று பஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேளிக்கைப் பூங்காக்களில்கூட உயரம் அளந்தாவது குழந்தைக்குக் குறைக்கிறார்கள். அரங்கத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏன் முழு விலை?

திருப்பூர் அத்தை: பூங்கா என்றதும் போன கோடை நினைவு வருகிறது. நாம் எல்லோரும் போனோமே.

நான்: அதை எப்படி மறப்பேன், அத்தை. டிக்கெட்டுக்கு மட்டும் பணம் சேர்த்துக்கொண்டு போனோம். பருத்தி உடையில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று உள்ளே போன பிறகு சொன்னார்கள். அங்கேயே கடையில் நைலான் உடை, அங்கேயே லாக்கர். வெளிச் சாப்பாடு கூடாது என்று நாம் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை வாசலில் வைக்கச் சொன்னார்கள். வெளியே வரும்போது சறுக்கலில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தார்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்ததைவிட உள்ளே கொடுத்ததுதான் அதிகம்.

மாமா (ஊட்டி): மருமகளே, அந்தப் பக்கம் நிற்கிறவன் நான். தாவரவியல் பூங்கா சாலையில் தொப்பியும் பொம்மையும் விற்கிறேன். மலர்க் காட்சி நடக்கும் மே மாதம்தான் எனக்கு வருடத்தின் பாதிச் சம்பாத்தியம். ஒன்று சொல்கிறேன், எந்தக் கடைக்காரரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். குழந்தை பொருளைக் கையில் எடுத்த பிறகுதான் தகப்பன் விலை கேட்பான். குழந்தை எடுத்த அந்த நொடியிலேயே வியாபாரம் முடிந்துவிட்டது. பிடுங்கித் திரும்ப வைக்க எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது, அதுவும் பத்துப் பேர் பார்க்கும்போது. பெரிய பெரிய கேளிக்கை இடங்களில் வெளியேறும் வழியைக் கடைக்குள்ளாகவே விட்டிருப்பது இதற்காகத்தான்.

அண்ணி (வெலிங்டன்): உங்கள் கடையிலும் அப்படித்தானே நடக்கும்?

மாமா (ஊட்டி): நடந்தது. ஒரு வருடம் ஒரு தகப்பன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளிலும் விலையைப் பெரிதாக எழுதி வெளியே தெரியும்படி தொங்க விடுகிறேன். இருபது ரூபாய்ச் சாமான்களைக் குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் வைத்தேன், விலை கூடியதை மேலே ஏற்றினேன். விற்பனை கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் என் கடை வாசலில் எந்தப் பிள்ளையும் அடி வாங்குவதில்லை.

பெரியப்பா (கோத்தகிரி): நல்ல காரியம் செய்தாய், மாப்பிள்ளை.

அண்ணன் மகள்: அத்தை, நானும் பேசலாமா? எல்லோரும் செலவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கல்லூரித் தோழிகளோடு ஒரு முறை சேப்பாக்கம் போயிருக்கிறேன். ஏறக்குறைய 38,000 பேர் உட்காரும் அரங்கம். தோனியின் ஏழாம் எண் சட்டை படியில் தெரிந்ததும் எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருந்தவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். அதைத் தொலைக்காட்சி தராது. உங்கள் பையன் அதைத்தான் கேட்கிறான். வீண் ஆசை என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

நான்: சொல்ல மாட்டேன், கண்ணு. அவன் ஆசையில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

அண்ணன் மகள்: ஜெர்சி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். 2021 இல் தோளில் ராணுவச் சீருடைக் கோலம் போட்டுப் புதிய சட்டை வந்தது, நெஞ்சில் மிந்த்ரா. 2022 இல் டிவிஎஸ் யூரோகிரிப். 2024 இல் எத்திஹாத். நான்கு பருவத்தில் மூன்று விளம்பரம். அதே மஞ்சள், அதே சிங்கம். சட்டை கிழிவதற்கு முன்பே "இது பழைய ஜெர்சி" என்று பசங்கள் சொல்லிவிடுகிறார்கள்.

அண்ணி (வெலிங்டன்): பள்ளியில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். சீருடை இல்லாத நாளில் யார் நெஞ்சில் எந்த விளம்பரம் என்று பிள்ளைகள் பார்க்கிறார்கள். விளம்பரம் செய்பவர் அணிக்குப் பணம் கொடுக்கிறார். அதே விளம்பரத்தைச் சுமந்து நடக்க நம் பிள்ளை பணம் கொடுக்கிறான். இது எனக்குப் பொறுக்கவில்லை.

திருப்பூர் அத்தை: பதினைந்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் சொல்கிறேன். அது பாலியெஸ்டர் துணி. காகிதத்தில் அச்சடித்து, சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றுகிற வேலை. துணி, தையல், அச்சு எல்லாம் சேர்ந்தாலும் கடையில் போட்டிருக்கும் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும். மீதியெல்லாம் அந்த முத்திரையைப் போடுவதற்கான உரிமப் பணம், விளம்பரம், கடை வாடகை, லாபம். தைத்த பெண் அந்தச் சட்டையைத் தன் பிள்ளைக்கு வாங்க மாட்டாள், அவளால் முடியாது.

தம்பி (சென்னை): அரங்கத்துக்கு வெளியே வாலாஜா சாலையிலும் பெல்ஸ் சாலையிலும் நடைபாதையில் மலிவாகவே கிடைக்கும், அத்தை. போட்டி நாளில் தெருவே மஞ்சளாக இருக்கும்.

திருப்பூர் அத்தை: அது போலி முத்திரை, தம்பி. விற்கிறவர் பாவம், பிழைப்புக்காக விற்கிறார். ஆனால் பிள்ளைக்குத் திருட்டு முத்திரையைப் போட்டுப் பழக்க எனக்கு விருப்பமில்லை. முத்திரையே இல்லாமல் நல்ல மஞ்சள் துணியில் முதுகில் அவன் பெயரையும் அவனுக்குப் பிடித்த எண்ணையும் போட்டுத் தருகிறேன். இருநூறு ரூபாய்க்குள் முடியும். எந்த வருடமும் பழசாகாது.

அண்ணன் மகள்: எனக்கும் ஒன்று, பாட்டி.

மாமா (ஊட்டி): போட்டிக்கு வேறு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். கோவையில் பெரிய திரை வைத்துக் காட்டினார்களே?

தம்பி (சென்னை): ஐபிஎல் ரசிகர் பூங்கா. 2015 இலிருந்து கிரிக்கெட் வாரியமே நடத்துகிறது, நுழைவு இலவசம். 2025 இல் 50 நகரங்களில் நடத்தினார்கள், முதல் வார இறுதியிலேயே கோவை இருந்தது. குன்னூரிலிருந்து காலையில் கிளம்பினால் போதும். இது இல்லாவிட்டால் தமிழ்நாடு பிரீமியர் லீக். கோவையில் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்திலும் திண்டுக்கல்லில் என்.பி.ஆர். கல்லூரியிலும் போட்டிகள் நடந்திருக்கின்றன. ஆட்டக்காரர்களை இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். அஸ்வின் திண்டுக்கல் அணிக்கு ஆடியிருக்கிறார்.

நான்: இதையெல்லாம் அவனிடமே சொல்லப் போகிறேன். கணக்கு நோட்டையும் காட்டப் போகிறேன்.

பெரியப்பா (கோத்தகிரி): பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டுமா?

நான்: கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், பெரியப்பா. நம் வீட்டில் இந்த வருடம் சந்தோஷத்துக்கு எடுத்து வைத்த பணம் இவ்வளவு, இதில் எது வேண்டும் என்று அவனே சொல்லட்டும். கடை வாசலில் இல்லை என்று சொல்லி அழ வைப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து பேசுவது மரியாதை.

ஞாயிறு, மாலை

நான்: பேசிவிட்டோம். நோட்டை வாங்கி அவனே கூட்டிப் பார்த்தான். ரசிகர் பூங்கா வேண்டாம், அரங்கத்தை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறான். ஜெர்சி, தொப்பி, கொடி எதுவும் வேண்டாமாம். சின்னவளைக் கேட்டால் அவளுக்குக் கிரிக்கெட்டே வேண்டாம். குன்னூர் ஸ்டேஷனில் நின்று தினமும் பார்க்கிற மலை ரயிலில் ஊட்டி வரைக்கும் போக வேண்டுமாம். இந்த ஊரில் பிறந்து வளரும் பெண் இன்னும் அதில் ஏறவில்லை.

மாமா (ஊட்டி): என் கடைக்கு வந்துவிட்டுப் போகட்டும்!

தம்பி (சென்னை): அப்படியென்றால் மச்சானும் பையனும் மட்டும் வரட்டும், அக்கா. ஆன்லைனில் ஒருவருக்கு இரண்டு டிக்கெட்தான் 2025 இல் கொடுத்தார்கள், அதுவும் சரியாகிவிடும். பிற்பகல் 3:30 போட்டி ஒன்று சேப்பாக்கத்தில் அமைந்தால் மிக நல்லது. 2025 ஏப்ரல் 5 அன்று டெல்லியோடு அப்படி நடந்தது. ஆட்டம் ஏழே கால் வாக்கில் முடியும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் ஏறினால் அடுத்து சென்ட்ரல். இரவு ஒன்பது மணியளவில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம், லாட்ஜ் செலவு இல்லை. காலையில் வந்து இறங்கியதும் திருவல்லிக்கேணியில் என் மேன்ஷன் அறையில் குளித்து ஓய்வெடுக்கலாம். நான்கு பேரும் வந்தால் அது முடியாது, ஆண்கள் தங்கும் விடுதி அது, பெண்களை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

நான்: இரண்டு டிக்கெட் 3,718, ரயில் 1,400. மொத்தம் 5,118. முடியும்.

பெரியப்பா (கோத்தகிரி): முடியும் சரி. ஆனால் குடும்பத்தை இரண்டாகப் பிரித்து அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. அவன் பார்ப்பதை நீ பார்க்க வேண்டாமா? பச்சைத் தேயிலைப் பணம் வந்ததும் மீதி இரண்டு டிக்கெட்டுக்கு நான் தருகிறேன்.

நான்: வேண்டாம், பெரியப்பா. உங்கள் மனதுக்கு நன்றி. எனக்கும் அது வலிக்கத்தான் செய்கிறது. அவன் முதன்முதலாக அந்தப் புல்லைப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று அருகில் இருந்து பார்க்க எனக்கு ஆசை. அந்த விலை வைத்தவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பணத்தை மட்டும் அல்ல. ஆனால் உங்கள் உழைப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்ட மாட்டேன். பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் வரும் வருடம் நாம் எல்லோரும் சேர்ந்து போவோம். அதை அணிக்கும் கிரிக்கெட் சங்கத்துக்கும் கடிதமாக எழுதப் போகிறேன். அண்ணி, நீங்கள் திருத்திக் கொடுங்கள்.

அண்ணி (வெலிங்டன்): கண்டிப்பாக. எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

தம்பி (சென்னை): அட்டவணை வந்ததும் சொல்கிறேன். டிக்கெட் திறக்கும் நாளில் நான், மச்சான், அண்ணன் மகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்காவிட்டால் கறுப்புச் சந்தையில் வாங்க வேண்டாம், கோவைக்குப் போவோம். இதையும் பையனிடம் இப்போதே சொல்லிவிடு, அக்கா.

நான்: சொல்லிவிட்டேன். சரி என்றான்.

திருப்பூர் அத்தை: இரண்டு பேருக்கும் மார்பளவு எடுத்து அனுப்பு. சின்னவளுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேள். நீலமும் பச்சையும் துணி இருக்கிறது. இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்கிறேன், அடுத்த வருடமும் போடுவார்கள்.