பதில்: ‘டொமைன் ஸ்லாமிங்’ – ‘பதிவுச் சாய்ப்பு’ எனலாமா?

வணக்கம் ஐயா.

‘டொமைன் ஸ்லாமிங்’ என்பது, ஆள்களப் பெயரின் (இணையத்தள முகவரியின்) உரிமையாளருக்குப் புதுப்பித்தல் சிட்டை போன்ற கடிதத்தை அனுப்பி, பெயரின் பதிவை வேறு நிறுவனத்துக்கு மாற்றவைக்கும் மோசடி. அதற்கு ‘ஆள்களத் திருட்டு’ என்ற உங்கள் முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. திருட்டுக் கொடுத்தவர் திருடனுக்குக் காசு கட்டுவதில்லை. இங்கே உரிமையாளர் காசையும் கட்டி, பதிவையும் தம் கையாலேயே ஒப்படைக்கிறார்.

கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் உண்டு. காலபோக விதைப்பு மும்முரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருளாளர் அதை அச்செடுத்து, உரச் சிட்டைக்கும் மின்சாரச் சிட்டைக்கும் நடுவே கோப்பில் செருகியிருந்தார். எங்கள் ஆள்களப் பெயர், பிழையில்லாத முடிவுத் திகதி, வழமையாகக் கட்டுவதைவிட மூன்று மடங்கு தொகை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இது சிட்டை அல்ல, பதிவை எம்மிடம் மாற்றுவதற்கான அழைப்பு. முடிவுத் திகதியை, ஆள்களப் பதிவு விவரங்களைக் காட்டும் ‘ஹூஇஸ்’ தேடலில் யாரும் பார்க்கலாம். 2018க்குப் பிறகு உரிமையாளர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டாலும் திகதி வெளியில்தான் நிற்கிறது. எங்கள் மின்னஞ்சல் முகவரியோ தளத்திலேயே இருக்கிறது.

அந்த வரியை வாசித்துக் காட்டியதும் பொருளாளர், “அப்படியென்றால் மாட்டைச் சாய்த்துக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார்கள்” என்றார். சொல் அங்கேதான் கிடைத்தது. வன்னியில் மாடு சாய்த்தல் என்றால் ஓட்டிச் செல்லுதல். பின்னால் நின்று குரல் கொடுத்தால் போதும், மாடு தன் காலாலேயே அடுத்தவன் பட்டிக்கு நடந்துவிடும். இந்த மோசடியும் அப்படித்தான். எங்களுடையதைப் போன்ற ‘.ஓர்க்’ பெயர் வேறு பதிவாளரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்திடம்) போக, மாற்றத்தைத் தடுக்கும் மாற்றப் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான கடவுச்சொல் போன்ற மாற்றக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் உரிமையாளரைக் கொண்டே செய்விக்கிறார்கள்.

பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணையை நினைவூட்டி ‘ஆள்களக் கவர்வு’ என்றார் ஒரு நண்பர். அழகான சொல்தான். ஆனால் நிரை கவர்தலில் படை உண்டு, காவலரோடு பூசல் உண்டு. கடவுச்சொல்லை உடைத்துப் பெயரைப் பறிப்பதற்கு அந்தச் சொல்லை ஒதுக்கி வைப்போம்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் ‘சாய்த்தல்’ என்றால் கவிழ்த்தல் என்பது தெரியும். ‘ஆள்களச் சாய்ப்பு’ என்றால் தளத்தை முடக்கியதாகவே படும். அதனால்தான் ‘பதிவுச் சாய்ப்பு’ என்கிறேன். இடம் மாறுவது பதிவுதானே. அப்போதும் உறுத்துகிறதா என்று அவர்கள் எழுத வேண்டும்.

சென்ற வாரம் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பொருளாளர் அதை அச்செடுக்கவில்லை. “இதுவும் சாய்ப்புக் கடிதமா, பாருங்கள்” என்று எனக்கு அனுப்பிவைத்தார்.