நேம்சர்வர் (சைட்டும் மெயிலும் எந்த சர்வர்ல இருக்குன்னு பதில் சொல்றது) மாத்தினப்போ உங்களுக்கு என்ன நடந்துச்சு?

ஈரோடு, வெப் டிசைனர்:
ஜவுளி வியாபாரி ஒருத்தரோட டாட் காம் டொமைன் (சைட்டோட பேர்). டொமைன் வாங்கினது ஒரு இடம், ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற சர்வர்) வேற இடம். வெல்கம் மெயில்ல வந்த ரெண்டு நேம்சர்வரையும் டொமைன் பேனல்ல போட்டது யாரோ ஒரு பையன். மறுநாள் போன் வந்தது எனக்கு. "தம்பி, சைட் ஜோரா வருது. ஆனா பார்ட்டிங்க போடுற மெயில் எதுவும் வர மாட்டேங்குதே?"

நேம்சர்வரை மாத்தினா சைட் மட்டும் இடம் மாறாதுங்க. அந்த டொமைனைப் பத்தின எல்லா கேள்வியும் இனிமே புது இடத்துக்குத்தான் போகும். மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய பேனல்ல பத்திரமாத்தான் இருந்துச்சு, கேட்கத்தான் ஆள் இல்ல. புது ஹோஸ்டிங்கோட சிபேனல் (கன்ட்ரோல் பேனல்) தானா போட்டுக்கிட்ட எம்எக்ஸ் அந்த சர்வரையே காட்டுச்சு. அங்க இன்பாக்ஸே கிடையாது, வந்த மெயிலெல்லாம் அனுப்பினவங்களுக்கே திரும்பிடுச்சு.

எம்எக்ஸ், அப்புறம் மெயில் நிஜமாவே நம்ம டொமைன்ல இருந்து வருதான்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம் மூணையும் புது ஸோன்ல (டொமைனோட ரெக்கார்டு பட்டியல்) ஏத்தினதும் வெளி மெயில் வர ஆரம்பிச்சுது. ஆனா சைட்ல இருக்கிற கான்டாக்ட் ஃபார்ம் மெயில் மட்டும் வரல. சிபேனல்ல ஈமெயில் ரூட்டிங் 'லோக்கல்'னு இருந்துச்சு, அதாவது மெயிலை வெளிய அனுப்பாம அதே சர்வர்லயே போடப் பார்க்கும். அதை 'ரிமோட்' ஆக்கின பிறகுதான் அதுவும் சரியாச்சு. பல பேர் கோட்டை விடுற இடம் இது.

மதுரை, சர்வர் அட்மின்:
எனக்கு வந்தது இன்னும் விசித்திரமான கேஸ். ஆபீஸ் பிராட்பேண்டுல சைட் திறக்குது. கூகுளோட ரிசால்வர் (டொமைனோட முகவரியைத் தேடித் தர்ற சர்வர்) 8.8.8.8 போட்ட லேப்டாப்ல திறக்கல. ஆளாளுக்கு பிரவுசர் கேஷை கிளியர் பண்ணிட்டு இருந்தாங்க. ரிசால்வர் தர்ற பதிலைக் காட்டுற டிக் கமாண்ட் அடிச்சா 'செர்வ்ஃபெயில்', அதாவது சரியான பதில் கிடைக்கல. அங்கேயே சந்தேகம் வந்துடுச்சு. பழைய இடத்துல டிஎன்எஸ்செக் (நேம்சர்வர் பதில் அசல்தானான்னு கையெழுத்து வச்சு சரிபார்க்கிற முறை) ஆன் பண்ணியிருந்தாங்க, அந்தக் கையெழுத்தை சரிபார்க்க உதவுற டிஎஸ் ரெக்கார்டு இன்னும் ரெஜிஸ்ட்ரில (டாட் காம் மாதிரி டொமைன்களோட மூலப் பதிவேடு) நிக்குது. புது நேம்சர்வர் அந்தக் கையெழுத்தைப் போடாது. சரிபார்க்கிற ரிசால்வர் எல்லாம் நிராகரிச்சுடும், சரிபார்க்காதது திறந்து விட்டுடும். முதல்ல டிஎஸ்ஸை எடுங்க, டாட் காம்னா ஒரு நாள் பொறுங்க, அப்புறம் நேம்சர்வரைத் தொடுங்க.

கோவை, ஃப்ரீலான்சர்:
நேம்சர்வர் முழுசா மாற ஆகும்னு எல்லாரும் சொல்ற 48 மணி நேரம் சும்மா வந்த கணக்கில்ல. டாட் காம் ரெஜிஸ்ட்ரில என்எஸ் (நேம்சர்வர்) ரெக்கார்டுக்கு டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் கேஷ்ல வச்சுக்கலாம்ங்கிற கணக்கு) 1,72,800 செகண்ட், அதாவது ரெண்டு நாள். நம்ம ஸோன்ல ஏ ரெக்கார்டோட (சைட் சர்வரோட ஐபி முகவரியைச் சொல்றது) டிடிஎல்லை 300-க்குக் குறைச்சாலும் அது அசையாது. அதனால பழைய ஹோஸ்டிங்கை அன்னைக்கே மூடிடாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே ரெக்கார்டு இருந்தா யார் எங்க போய்க் கேட்டாலும் கவலையில்ல.

திருச்சி:
சைட்டுக்காக மட்டும் எதுக்குப்பா நேம்சர்வர் வரைக்கும் போறீங்க? ஏ ரெக்கார்டை மட்டும் புது ஐபிக்கு மாத்தினா மெயில் பக்கம் கையே வைக்க வேண்டாமே. டொமைனை ஹோஸ்டிங்ல சேர்க்க மறந்துடாதீங்க, இல்லேன்னா அவங்களோட டிஃபால்ட் பேஜ்தான் வரும்.

ஈரோடு, வெப் டிசைனர்:
மெயில் வேற இடத்துல இருந்தா நீங்க சொல்றதுதான் சரி, அண்ணே. ஆனா ஷேர்டு ஹோஸ்டிங்காரங்க சர்வரை மாத்தும்போது ஐபியும் மாறும். நேம்சர்வர் அவங்க கிட்ட இருந்தா அவங்களே மாத்திக்குவாங்க. ஏ ரெக்கார்டுன்னா அந்த நோட்டீஸ் மெயிலை நாமதான் பார்த்துட்டு இருக்கணும். என் கஸ்டமர்ல அதைத் திறந்து படிக்கிறவர் ஒருத்தரும் இல்ல.