புதுப்பிப்பு: வாய்க்கால் புதரில் கத்தியது கானாங்கோழிதான்

திருவையாறு பக்கம் குடமுருட்டி ஆற்றங்கரை வாய்க்காலில், இருட்டிய பிறகும் புதருக்குள்ளிருந்து 'க்ர்ர்... குவாக், குவாக்' என்று விடாமல் கத்துவது எது என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் தவளை என்றீர்கள், சிலர் ஆந்தை. விடை: வெண்மார்பு கானாங்கோழி. விடிந்ததும் அதே புதரிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டே வெளியே வந்து, என் கண் முன்னாலேயே கத்தியது. மழைக்காலத்தில், இனப்பெருக்க நேரத்தில்தான் இந்த ஆர்ப்பாட்டம். மற்ற நாளில் பெரும்பாலும் சத்தமே வராது.

பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைச் சொன்னவர்களுக்கு நன்றி. கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிட்டது. 2021 முதல் குரலைக் கேட்டும் பெயர் சொல்கிறது. பக்கத்தில் பம்புசெட் ஓடினால் மட்டும் திணறுகிறது. ஆனால் பெயரைப் படித்தால் மறந்துவிடுகிறது, தேடிப்போய்ப் பறவையைப் பார்த்தால்தான் குரல் மனதில் நிற்கிறது.

அப்படிப் பிடிபட்ட குரல்கள்: 'கூ...ஊ' என்று சுருதி ஏறிக்கொண்டே போவது ஆண் குயில். புள்ளி போட்ட பெண் குயில் 'கிக்-கிக்-கிக்' என்று படபடக்கும், கேட்டால் குயில் என்றே நம்பமாட்டீர்கள். காலிக் குடத்துக்குள் ஊதியது போல 'ஊப்... ஊப்' வந்தால் செம்போத்து. ஆட்காட்டியைச் சொல்லவே வேண்டாம், வரப்பில் கால் வைத்தாலே ஊரைக் கூட்டும்.

அப்புறம், பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. எதிரி வந்துவிட்டது என்று கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.