நர்சிங் ஹோம் கிச்சன் ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு இறங்க மாட்டேங்குது: பெங்களூரு

வணக்கம். அல்சூர்ல வயசானவங்களுக்கான நர்சிங் ஹோம் ஒண்ணுல கிச்சனைப் பார்த்துக்கிறேன். நாலு கதவு ஸ்டீல் ஃப்ரிட்ஜ், 2019ல வாங்கினது, வாரண்டி முடிஞ்சாச்சு. போன மாசத்துல இருந்து வெளி டிஸ்பிளே 4 டிகிரி காட்டுது. நடுத்தட்டுல தனி தெர்மாமீட்டர் வெச்சா 9, மத்தியானத்துல 11. 5 டிகிரிக்கு மேல போகவே கூடாது.

கண்டென்சர் தூசி எடுத்தாச்சு. கதவு ரப்பர்ல பேப்பர் சொருகி இழுத்துப் பார்த்தோம், நல்லாப் பிடிக்குது. ஆஃப் பண்ணி ஐஸ் முழுக்க உருக விட்டோம். மெக்கானிக் கேஸ் ஏத்தினதும் கொஞ்ச நாள் சரியா இருந்தது, மறுபடி அதே கதை. இப்ப உள்ளே காயில்ல பாதிக்குத்தான் பனி பிடிக்குது, மீதி வெறும் ஈரம். எங்கேயோ லீக்னுதான் எனக்குப் படுது. வர்றவங்களோ லீக்கைத் தேடாம கேஸ் மட்டும் ஏத்திட்டுப் போறாங்க.

இங்க பாதிப்பேர் எண்பது தாண்டினவங்க. ஒருநாள் வயிற்றுப்போக்கே அவங்களைப் படுக்கையில தள்ளிடும். அதனால பால் வேளைக்கு வேளை வாங்கறோம், தயிர் ஐஸ் பெட்டியில, மிச்சச் சாப்பாடு எடுத்து வைக்கறதே இல்லை. ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது.

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நைட்ரஜன் அடிச்சு லீக்கைக் கண்டுபிடிச்சு, அடைச்சுட்டு அப்புறம் கேஸ் ஏத்தற நம்பிக்கையான மெக்கானிக் யாரையாவது தெரியுமா?