விபத்து நடந்த இடத்தை விட்டுச் செல்லாதீர்கள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தோருக்கு

ஊரில் வாகனம் ஒருவரை மோதிவிட்டால், கூடும் சனம் அடித்துவிடும் என்ற பயத்தில் சாரதி அங்கிருந்து விலகிப் பொலிஸ் நிலையத்தில் போய்ச் சரணடைவது நமக்குப் பழகிய காட்சி. இங்கு, சிறு தண்டப்பணத்தோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு மோதலை அந்தப் பழக்கமே குற்றவியல் வழக்காக மாற்றிவிடும்.

2018 டிசம்பர் 18 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தம், ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுதல், விபத்தின்பின் நிற்காமற் செல்லுதல் ஆகிய இரண்டுக்குமான உச்சத் தண்டனையை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தியது. எவரேனும் காயமடைந்தால் 14 ஆண்டு. இறந்தால் ஆயுட்காலச் சிறை. நீதிபதி உண்மையில் விதிப்பது மிகக் குறைவாகத்தானே இருக்கும் என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. ஆனால், 10 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டாலே குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாகக் கொள்வதால், வெறும் தண்டப்பணத்தோடு முடிந்த வழக்கிலும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் நாடுகடத்தல் நடவடிக்கையை எதிர்கொள்ள நேரலாம். ஆகவே, "குற்றத்தை ஒப்புக்கொண்டு சுருக்கமாக முடித்துவிடலாம்" என்று எவர் சொன்னாலும், குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். குடியுரிமை பெற்ற உறவினரின் அனுபவம் இந்த விடயத்தில் உங்களுக்குப் பொருந்தாது.

மாகாணப் போக்குவரத்துச் சட்டம் தனி. அதன்கீழ் இடத்தை விட்டுச் சென்றால் 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், சாரதிப் பதிவில் 7 குறைப்புப் புள்ளிகள் (demerit points), 6 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். காப்புறுதிக் கட்டணம் ஏறுவதைச் சொல்லவே தேவையில்லை.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. நில்லுங்கள், எவருக்கும் காயமெனில் 911ஐ அழையுங்கள், பெயர், முகவரி, சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், வாகன இலக்கத்தகடு, காப்புறுதி விபரம் ஆகியவற்றைப் பரிமாறுங்கள். மற்றவர் கத்தினால் காருக்குள் இருந்து கதவைப் பூட்டிக்கொண்டு பொலிஸாருக்காகக் காத்திருக்கலாம், ஆனால் கிளம்பக்கூடாது. மன்னிப்புக் கேட்கவும் தயங்க வேண்டாம்: நட்டஈட்டு வழக்கில் அதைத் தவறை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள முடியாதென 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்று சொல்கிறது. கடைத் தரிப்பிடத்தில் ஆளில்லாத காரை உரசியிருந்தாலும் உரிமையாளரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பொலிஸாருக்கு அறிவித்துவிடுங்கள்.