ஆக்சிஜன் செறிவூட்டிக்கு அனலைசர், பழுது பார்ப்பவர் தேவை

வணக்கம். எங்கள் அரிமா சங்கம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் செறிவூட்டிகளை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்) மருத்துவர் சீட்டு பார்த்து வீடுகளுக்கு இரவல் தருகிறது. திருப்பித் தரும் முன்பணம் மட்டும் வாங்குகிறோம். கேனுலா (மூக்கில் மாட்டும் குழாய்) ஆளுக்கொன்று, புதிது.

சில இயந்திரங்களில் ஆக்சிஜன் தூய்மை 93 சதவீதத்திலிருந்து 82க்கு இறங்கி, மஞ்சள் விளக்கு எரிகிறது. காற்று வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் போட்டும் ஏறவில்லை. ஓடாமல் மூலையில் கிடந்தவைதான் இப்படி ஆகின்றன. ஈரம் ஏறி உள்ளே ஜியோலைட் (காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் மணிகள்) கெட்டிருக்கலாம். திருச்சி, கரூர் பக்கம் ஜியோலைட் குழாயை மாற்றித் தருபவர் உண்டா? ஆக்சிஜன் தூய்மையை அளக்கும் அல்ட்ராசோனிக் அனலைசர் ஒரு நாள் இரவல் கிடைத்தாலும் போதும். (விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நோயாளிக்குத்தான், இயந்திரத்தைச் சோதிக்க உதவாது.)

இன்னொன்று பணம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் துபாயிலிருந்து தன் சேமிப்பை நன்கொடையாக வங்கி வழியே அனுப்பினால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், எங்களிடம் இல்லை. பதிவுள்ள அமைப்பு வாங்கி எங்களுக்கு மாற்றிவிடுவதும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. அப்படிப் பதிவுள்ள அறக்கட்டளை ஏதாவது தன் பெயரிலேயே இயந்திரம் வாங்கி இரவல் கொடுக்க முன்வருமா? ஆள்பலம், வண்டி எங்களுடையது.