வம்சாவளித் தளத்தில் சூதாட்டப் பக்கங்கள்: கல்லறைப் பதிவுகளை இழக்காமல் சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி: பழஞ்சுவடி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வம்சாவளித் தகவல்களைத் திரட்டித் தர 1996 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் யூஎஸ்ஜென்வெப் திட்டத்தில், கென்டக்கி மாநிலத்தின் ஒரு கவுண்ட்டிக்கான (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தளத்தில் தொழில்நுட்ப வேலைகளுக்கு உதவி வருகிறேன். கல்லறைக் கல்வெட்டுகளையும் திருமணப் பதிவேடுகளையும் உயில்களையும் பலர் படியெடுத்துத் தந்த எளிய எச்டிஎம்எல் பக்கங்களே அதில் பெரும்பகுதி. பிற்பாடு யாரோ அதே ஹோஸ்டிங் கணக்கில், செய்திப் பகுதிக்காக, வேர்ட்பிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருளையும் நிறுவியிருக்கிறார்கள். இப்போது கூகுளில் தேடினால் எங்கள் முகவரியின் கீழ் மருந்து விற்பனையும் சூதாட்டமும் வருகின்றன. ஆனால் முகவரியைத் தட்டச்சு செய்து நேரே திறந்தால் பழைய பக்கமே ஒழுங்காகத் தெரிகிறது. ஒருங்கிணைப்பாளரான அம்மையார் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறார். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: வழங்கிக்காவலர்

எதையும் அழிக்காதீர்கள். கணக்கில் உள்ள கோப்புகள் அனைத்தையும் தரவுத்தளத்தையும், தொற்று உள்ள நிலையிலேயே, முதலில் உங்கள் கணினிக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விவரிப்பது வெகு பரவலான தந்திரம்: வருவது கூகுளின் தேடுபொறி என்றாலோ, தேடல் முடிவைச் சொடுக்கி வந்தவர் என்றாலோ மட்டும் விளம்பரத்தைக் காட்டி, மற்றவர்களுக்கு உண்மையான பக்கத்தைக் காட்டும் நிரல் எங்கோ ஒளிந்திருக்கிறது. நூலகங்களும் சங்கங்களும் நெடுங்காலமாக இணைப்பு கொடுத்துவரும் பழைய தளம் என்பதால் தேடுபொறியிடம் உங்களுக்கு உள்ள நற்பெயரைத்தான் அவர்கள் திருடுகிறார்கள்.

தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் கூகுள் கண்டது என்ன என்று தெரிந்துவிடும். அங்கேயே தளத்தின் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். ஊடுருவியவர்கள் தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அவர்களை நீக்கும்போது, அதற்காக அவர்கள் சேர்த்த சரிபார்ப்புக் கோப்பையும் நீக்காவிட்டால் மீண்டும் நுழைந்துவிடுவார்கள். அடுத்து, வருபவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது போன்ற வழங்கி அமைப்புகளைக் கொண்ட எச்டிஅக்சஸ் கோப்பையும் வேர்ட்பிரஸின் படப் பதிவேற்ற அடைவையும் சோதியுங்கள். படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிஎச்பி (வழங்கியில் இயங்கும் நிரல்) கோப்பு இருந்தால் பெரும்பாலும் அதுவே, ஊடுருவியவர்கள் மீண்டும் நுழைய வைத்துக்கொண்ட புழக்கடைக் கதவு. கோப்பு மாற்றப்பட்ட தேதியை மட்டும் நம்ப வேண்டாம். அதைப் பொய்யாக மாற்றிவைப்பது எளிது.

பதில்: கல்வெட்டுவாசகி

அழிக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சேதமுற்று, எஞ்சியவற்றில் ஏறக்குறைய எல்லாமும் பின்னர் அரசாலேயே அழிக்கப்பட்டன. 1880, 1900 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளுக்கு இடையில் பிறந்து இறந்த குழந்தைக்குக் கல்லறைக் கல்வெட்டைத் தவிர வேறு சான்றே இல்லாமல் போகலாம். அந்தக் கல்லும் இதற்குள் சிதைந்திருக்கலாம்.

ஆகவே நிரலைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, பட்டியல்களையும் சரிபார்க்க வேண்டும். இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் உள்ள பழைய பிரதியையும் தற்போதைய பக்கத்தையும் ஒப்பிடும் மென்பொருளில் இட்டு, ஒரு பெயரோ ஆண்டோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து அப்படியே எடுத்தால் இணைப்புகள் மாற்றப்பட்ட வடிவமே கிடைக்கும் என்பதால் ஒப்பிடுவதற்கு முன் அவற்றை நீக்கிவிடுங்கள். யூஎஸ்ஜென்வெப் ஆவணக்காப்பகத்துக்கு யாராவது அதே பட்டியலை உரைக்கோப்பாகக் கொடுத்திருந்தால் உங்கள் வேலை மிச்சம்.

பழஞ்சுவடி

மிக்க நன்றி. ஹோஸ்டிங் நிறுவனம் சென்ற மாதத்துப் பிரதியை மீட்டுத் தருவதாகச் சொல்கிறது. அதை ஏற்கலாமா?

பதில்: வழங்கிக்காவலர்

ஊடுருவல் எப்போது நடந்தது என்று தெரியாதவரை அந்தப் பிரதியிலும் புழக்கடைக் கதவு இருக்கக்கூடும். செய்திப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் உண்மையில் தேவைதானா என்று அம்மையாரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால், அதை எடுத்துவிட்டு முழுத் தளத்தையும் எச்டிஎம்எல் பக்கங்களாகவே வைத்திருப்பேன். புதுப்பிக்க ஆளில்லாத தன்னார்வத் தளத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை.

கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள், கோப்புகளைப் பதிவேற்றும் எஃப்டிபி கணக்கினது உட்பட. ரூட்ஸ்வெப் என்ற வம்சாவளித் தளத்தின் பயனர்பெயர்களும் கடவுச்சொற்களுமாகச் சுமார் 3 லட்சம் கொண்ட ஒரு கோப்பு வெளியில் கிடந்தது 2017இல் தெரியவந்தது. இத்துறையில் நெடுநாள் இருப்பவர்கள் பலருக்கும் அங்கே கணக்கு இருந்தது. அதே கடவுச்சொல்லை இன்னும் பயன்படுத்துபவர்களும் இருக்கலாம். எல்லாம் முடிந்தபின், சர்ச் கன்சோலில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்திருந்தால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். அங்குள்ள நீக்கல் கருவி ஏறக்குறைய 6 மாதங்களுக்கே முடிவுகளை மறைக்கும். எனவே போலிப் பக்கங்களின் முகவரிகள் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) என்று பதில் தருகின்றனவா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

பதில்: கல்வெட்டுவாசகி

இன்னொன்று. அண்டைக் கவுண்ட்டிகளின் பழைய தளங்களுக்கு நீங்கள் கொடுத்துள்ள இணைப்புகளையும் சோதியுங்கள். புதுப்பிக்காமல் விட்ட டொமைனை (தள முகவரியை)ச் சூதாட்டக்காரர்கள் வாங்கிவிடுவது சகஜம். அது ஹேக் இல்லை என்றாலும், உங்கள் தளத்திலிருந்து சொடுக்கிச் செல்லும் வாசகர் உங்களைத்தான் குறைசொல்வார். அத்தகைய இணைப்புகளை எடுத்துவிட்டு, வேபேக் மெஷினில் உள்ள பழைய பிரதிக்கு இணைப்புக் கொடுங்கள்.